சக்கிமுக்கித் துப்பாக்கி: எதைத் தேர்வது, எதைத் திருத்துவது

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி கைக்கு வந்தால் எவரும் முதலில் குழலைத்தான் பார்ப்பார். நீளம் எவ்வளவு, வாய் எவ்வளவு அகலம், உள்ளே வரிப்பள்ளம் உண்டா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆராய்வார். அடுத்து கட்டையின் மரத்தைத் தடவிப் பார்ப்பார். கல்லும் எஃகும் உரசுகிற விசைப்பொறியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கீழே வைத்துவிடுவார். வேட்டைக்கென்று வாங்குகிறவர் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். குழல் சுமாராக இருந்து பொறி நன்றாக இருந்தால் பன்றி விழும். குழல் எத்தனை உயர்ந்ததானாலும் பொறி மக்கர் செய்தால் காட்டுக்குள் 'டக்' என்ற ஓசை மட்டுமே கேட்கும், பன்றிக்கும் கேட்கும்.

இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்கலாம். போகிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1974 முதல் கிறிஸ்துமஸுக்குப் பிறகு மான் வேட்டைக்கு ஒரு தனிப் பருவம் உண்டு. அதில் துப்பாக்கி என்றால் கல் உரசித் தீப்பற்றுவது மட்டும்தான். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத் தனியாகக் குறிப்பிட்டு உரிமம் தரச் சொல்கிறது. ஆக, பழையதை விரும்பி எடுப்பவர்கள் ஒரு பக்கம், சட்டம் அதற்குமேல் எளிதில் தராததால் எடுப்பவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு தரப்புக்கும் கேள்வி ஒன்றே: எந்தத் துப்பாக்கி, அதை எப்படிச் சீராக்குவது?

பினாங்கில் உட்கார்ந்து இதை ஆராய்வதற்கும் காரணம் உண்டு. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் இறங்கிய நாளிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே காவல் நின்ற படைகளின் தோளில் தொங்கியது இதே வகைத் துப்பாக்கிதான். அந்தப் படைகளில் மதராஸிலிருந்து வந்தவையும் உண்டு. கல் துப்பாக்கியின் பலவீனம் எது என்பதைத் தன் ஈரக் காற்றால் இத்தீவைப்போல் வெளிப்படையாகக் காட்டும் இடமும் குறைவு.

பொறி வேலை செய்யும் விதத்தை ஒருமுறை மெதுவாகப் பார்த்துவிடுவோம். பிரான்சின் லிசியோ நகரத்துக் கைவினைஞர் மரென் லெ பூர்ஷுவா 1610ஐ ஒட்டி ஒழுங்குபடுத்திய அமைப்பு இது. பிறகு வந்தவர்கள் மெருகேற்றினார்களே தவிர அடிப்படையை மாற்றவில்லை. 'குதிரை' எனப்படும் சுத்தியலின் இரண்டு தாடைகளுக்கு நடுவே தோல் துண்டு சுற்றிய சக்கிமுக்கிக் கல் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். விசையை இழுத்ததும் குதிரை முன்னே பாய்ந்து, நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தட்டின் முகத்தை மேலிருந்து கீழாகச் சீவிக்கொண்டு இறங்கும். பொறி பறப்பது கல்லிலிருந்து என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கல் உளி மட்டுமே. எஃகிலிருந்து அது சீவியெடுக்கும் நுண்ணிய சுருள்கள் காற்றுப்பட்டு எரிவதே நாம் காணும் பொறி. அதே அடியில் எஃகுத் தட்டு பின்னே மடங்க, அதன் கீழே மூடியிருந்த சிறு கிண்ணம் திறந்துகொள்கிறது. பொறி கிண்ணத்து மருந்தில் விழுகிறது, பளிச்சென்ற தீ பற்றுவாய்த் துளை வழியாகக் குழலுக்குள் எட்டுகிறது, உள்ளிருக்கும் மருந்து வெடிக்கிறது.

கல் அடிக்க வேண்டும், எஃகு சீவப்பட வேண்டும், கிண்ணம் எரிய வேண்டும், துளை தீயைக் கடத்த வேண்டும். இத்தனையும் நன்கு சீராக்கிய பொறியில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். கவனிப்பில்லாத பொறியில் காது கேட்கும் அளவுக்கு இழுக்கும்: முதலில் 'பிஸ்ஸ்', பிறகுதான் 'டும்'. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காட்டுப்பன்றி பத்தில் ஒரு நொடிக்குள் ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தோளைக் குறிவைத்த குண்டு குடலில் படும், அல்லது பின்னாலுள்ள செடியில். நிற்கும் விலங்கு என்றாலும் சிக்கல் தீராது. மூக்குக்கு முன்னால் பளிச்சிடும் தீயைக் கண்டு சுடுபவரின் தலை தன்னையறியாமல் பின்வாங்கும். குழலும் கூடவே வாங்கும். கல் துப்பாக்கி பழகுவது என்பதில் பாதி, அந்தப் பளிச்சுக்குப் பிறகும் கண்ணையும் குழலையும் அசையாமல் வைத்திருக்கப் பழகுவதுதான்.

வேட்டையில் இது எவ்வளவு பெரிய தொல்லை என்பதற்கு வரலாறே சாட்சி. ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊர்ப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் வாத்து வேட்டைப் பிரியர். கிண்ணத்துத் தீயைக் கண்டதும் பறவைகள் குண்டு வந்து சேருவதற்குள் தண்ணீரில் மூழ்கித் தப்பிவிடுவதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலுற்று, அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு தீ மூட்டும் வழியைக் கண்டுபிடித்தார். 1807இல் காப்புரிமை பெற்றார். பிற்பாடு 'கேப்பு' வைத்துச் சுடும் துப்பாக்கி பிறந்தது அதிலிருந்துதான். படைத்தலைவர்கள் கேட்டுச் செய்யாத மாற்றத்தை ஒரு வாத்து வேட்டைக்காரரின் ஆற்றாமை செய்தது.

படைக்குப் புத்தி வர இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. 1834இல் இங்கிலாந்தின் உல்விச்சில் ஆறு கல் துப்பாக்கிகளையும் ஆறு கேப்புத் துப்பாக்கிகளையும் எல்லா வகை வானிலையிலும் சுட்டுப் பார்த்தார்கள். வகைக்கு 6,000 சுடுகை. கல் 922 முறை தவறியது. கேப்பு 36 முறை. கல் துப்பாக்கி ஏறத்தாழ ஆறரைச் சுடுகைக்கு ஒருமுறை ஏமாற்றியது என்று பொருள். அவை பயிற்சி பெற்றவர்கள் கையாண்ட, பராமரிப்புள்ள படைத் துப்பாக்கிகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தக் கணக்கின் உயிருள்ள விளக்கம் ஏழு ஆண்டு கழித்துச் சீனாவில் கிடைத்தது. முதல் அபினிப் போரின்போது, 1841 மே 30 அன்று, கான்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி பகுதியில் 37ஆம் மதராஸ் காலாட்படையின் சுமார் 60 சிப்பாய்கள் கொண்ட ஒரு கம்பெனி, கொட்டும் மழையில் படையிலிருந்து பிரிந்துவிட்டது. ஈட்டியும் கழியும் ஏந்திய ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் சூழ்ந்துகொண்டார்கள். சிப்பாய்களின் கையில் இருந்தவை கல் துப்பாக்கிகள். கிண்ணத்து மருந்து கூழாகிவிட்டது. எத்தனை முறை விசையை இழுத்தாலும் ஒன்றும் பற்றவில்லை. சதுர அணி வகுத்து, துப்பாக்கி முனைக் கத்தியைக் கொண்டு மட்டும் தாக்குப்பிடித்தார்கள். இருட்டிய பிறகு அவர்களைத் தேடி வந்து மீட்டவர்கள் கேப்புத் துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர்கள். அதே மழையில் அவர்களுடைய துப்பாக்கிகள் வெடித்தன. கேப்பின் மேன்மைக்குச் சான்றாக இந்தச் சம்பவம் பின்னர் பலமுறை எடுத்துக்காட்டப்பட்டது. மதராஸ் சிப்பாய்களுக்கு அந்தச் சான்று கொஞ்சம் விலை கூடுதலாகவே கிடைத்தது.

அவர்கள் தூக்கியது எந்த வகை என்பதும் நம் கேள்விக்குத் தொடர்புடையது. 'பிரவுன் பெஸ்' என்று செல்லப்பெயர் பெற்ற படைத் துப்பாக்கியின் பல வடிவங்களில், கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்காகச் செய்வித்த 'இந்தியா பேட்டர்ன்' மலிவானது, குட்டையானது; குழல் 39 அங்குலம். 1790களில் போர் நெருக்கடியில் பிரிட்டிஷ் அரசே அதைக் கம்பெனியிடமிருந்து வாங்கித் தன் படைக்குத் தந்தது. குழலின் உள்விட்டம் முக்கால் அங்குலம், குண்டு 0.69 அங்குலம். இந்த இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது: பத்து இருபது முறை சுட்டுக் கசடு படிந்த பிறகும் குண்டு தடையில்லாமல் இறங்க வேண்டுமே. அதற்குக் கொடுத்த விலை குறி. தளர்வாகப் புறப்படும் குண்டு குழலுக்குள் இப்படியும் அப்படியும் மோதிக் கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கு எதிர்ப்பக்கம் விலகும். வரிசையாக நிற்கும் படையைச் சுட அது போதும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு மானைச் சுடப் போதாது.

இத்துப்பாக்கிக்கும் பினாங்குக்கும் தமிழகத்துக்கும் இடையே இன்னொரு கசப்பான இழை ஓடுகிறது. 1801இல் மருது சகோதரர்களின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும், அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று மதராஸ் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பிறப்பித்த பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. வேலும் வளரியும் திரித் துப்பாக்கியும் வேட்டைக்கும் காவலுக்கும் போருக்கும் பொதுவாக இருந்த நாட்டில் அன்றோடு வேட்டையின் வழக்கமும் முறிந்தது. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றி இங்கே நாடு கடத்தப்பட்டவர்கள் எழுபதுக்கு மேற்பட்டோர். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அவர்களில் ஒருவர். சின்ன மருதுவிடமே ஈட்டியும் வளரியும் எறியக் கற்றவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1818இல் பினாங்கில் துரைசாமியைக் கண்டதைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். உடல் தளர்ந்து, அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருந்தாராம்.

இனி குழலுக்கு வருவோம். வழுவழுப்பான குழலா, வரிப்பள்ளம் வெட்டிய ரைஃபிள் குழலா என்பதே முதல் முடிவு. வழுக்குழலின் பெரிய வசதி, அதில் ரவையும் போடலாம், ஒற்றைக் குண்டும் போடலாம். காலையில் காடை, மாலையில் பன்றி. தமிழ்நாட்டு நாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் வழுக்குழலாகவே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வரி வெட்டும் கருவி பட்டறையில் இல்லாதது இன்னொன்று. ஆனால் ஒற்றைக் குண்டுக்கு, அதுவும் ஒரே அடியில் விலங்கைச் சாய்க்க வேண்டும் என்ற மனச்சாட்சியுள்ளவருக்கு, ரைஃபிள் குழல்தான். எண்ணெய் தோய்ந்த துணித் துண்டில் சுற்றி இறக்கும் உருண்டைக் குண்டு வரிப்பள்ளத்தைப் பிடித்துச் சுழன்று போகும். துணி இடைவெளியை அடைக்கும், சுழற்சி திசையைக் காக்கும். வரி எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று முடிகிறது என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். உருண்டைக் குண்டுக்கு 60, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற நிதானமான திருகலே உகந்தது. 48 அங்குலம் என்பது நீளக் குண்டையும் உருண்டையையும் சேர்த்துத் திருப்திப்படுத்தப் பார்க்கும் சமரசம்.

குண்டின் அளவில் ஒரு சின்னக் கணக்கு தெளிவு தரும். விட்டம் சற்றுக் கூடினால் எடை மும்மடிப் பெருக்கமாக ஏறும். ஐம்பது காலிபர் குழலுக்கான 0.490 அங்குல ஈயக்குண்டு ஏறத்தாழ 11.5 கிராம். ஐம்பத்து நான்கு காலிபருக்கான 0.530 அங்குலக் குண்டு 14.5 கிராம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர், எடையில் கால் பங்குக்கு மேல். உருண்டைக் குண்டு காற்றில் வேகத்தை மிக விரைவில் இழக்கிறது. ஐம்பது காலிபர் குண்டு 90 மீட்டர் போவதற்குள் புறப்பட்ட வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கையும், தாக்கும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கையும் தொலைத்துவிடும். அதிக மருந்து கெட்டித்து இதை ஈடுகட்ட முயல்வது வீண். கூடுதல் வேகத்தைக் காற்று முதல் ஐம்பது மீட்டரிலேயே தின்றுவிடும், தோளுக்கு உதை மட்டும் மிஞ்சும். எனவே சிறிய மானுக்கு ஐம்பது, பெரிய பன்றிக்கு ஐம்பத்து நான்கு, தூரம் எதற்கானாலும் அறுபது எழுபது மீட்டருக்குள் என்பது என் முடிவு. நூறு மீட்டரில் அடித்தேன் என்று பேசுபவர்கள் அடிபட்டு ஓடிப்போனவற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

கடையில் கிடைப்பவற்றை மூன்று படியாகப் பிரிக்கலாம். இத்தாலியின் கார்தோனே நகரில் 1957இல் தொடங்கிய பெதர்சோலி நிறுவனத்தின் துப்பாக்கிகள் நடுத்தர விலை, சோதனை முத்திரை பெற்ற குழல், நம்பத்தக்க பொறி. அமெரிக்கக் கைவினைஞர்கள் தனித்தனியாகச் செய்து தருபவை விலையில் எட்டாத உயரம். அவற்றில் பலர் வைப்பது 'சைலர்' போன்ற பெயர்பெற்ற பொறிகள். மூன்றாவது, நம் இந்தியாவில் செய்து வெளிநாடுகளுக்குப் போகும் பிரதிகள். பார்வைக்கு அச்சு அசல், விலை மலிவு. துப்பாக்கி என்ற வரையறைக்குள் வராதிருக்கப் பற்றுவாய்த் துளை போடாமலே இவற்றை அனுப்புவது வழக்கம். நாடகத்துக்கும் அணிவகுப்புக்கும் சரி. வேட்டைக்கு என்றால், சோதனை முத்திரையில்லாத குழலில் முழு மருந்து கெட்டிக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். எஃகுத் தட்டு மென்மையாக இருப்பதும் இவற்றில் அடிக்கடி கேட்கும் குறை.

வாங்கும்போதே பொறியைச் சோதிக்க எளிய வழி உண்டு. மருந்தில்லாத துப்பாக்கியில் புதுக் கல்லைப் பொருத்தி, மங்கிய வெளிச்சத்தில் விசையை இழுத்துப் பாருங்கள். வெளிர் மஞ்சளும் வெள்ளையுமான பொறிகள் கிண்ணத்துக்குள் கொத்தாக விழுந்து, விழுந்த இடத்தில் ஒரு கணம் துள்ளினால் எஃகு நன்று. சிவந்த பொறி இரண்டு மூன்று தெறித்து வெளியே போனால் எஃகு மென்மை, அல்லது கல் சாய்ந்த கோணம் சரியில்லை. தட்டின் முகத்தையும் பாருங்கள். மேலிருந்து கீழாக மெல்லிய கீறல்கள் சீராக இருக்க வேண்டும். நடுவில் குழி விழுந்திருந்தால் கல் சீவாமல் குத்துகிறது என்று பொருள். கல்லின் விளிம்பு தட்டின் மேல் மூன்றில் ஒரு பங்கில் படத் தொடங்கினால் கீழே போகப் போக உரசல் முழுமையாகும். கல்லைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாலே சில பொறிகள் உயிர்பெற்றுவிடும். காசு செலவில்லாத திருத்தம் அதுதான்.

கல்லுக்கும் தரம் உண்டு. இங்கிலாந்தின் பிராண்டன் ஊர்க் கறுப்புக் கல்லும், பிரான்சின் தேன்நிறக் கல்லும் பெயர்போனவை. இயந்திரத்தில் அறுத்த அகேட் கற்கள் நீண்ட நாள் வரும் என்றாலும் எஃகைச் சீவுவதைவிடத் தேய்ப்பதே அதிகம். விளிம்பு மழுங்கினால் சிறு பித்தளைக் குச்சியால் நுனியைச் சில்லு சில்லாகத் தட்டிக் கூர்மையாக்கலாம். வேட்டைக்குப் புறப்படும்முன் புதுக் கல், அதை நாலைந்து முறை சுட்டுப் பார்த்து உறுதிசெய்த பிறகு. இதில் கஞ்சத்தனம் காட்டுகிறவர் பெட்ரோலுக்கும் வழிச் சோற்றுக்கும் செலவழித்ததை ஒரு கல்லுக்காக இழப்பார்.

லண்டன் துப்பாக்கிச் செய்நர்கள் 1780க்கும் 1820க்கும் இடையே இந்தப் பொறியைத் திருத்தப் பட்ட பாடு தனிக் கதை. பணக்கார வேட்டைக்காரர்கள் கேட்டார்கள், ஹென்றி நாக், ஜோசப் மேன்ட்டன் போன்றவர்கள் செய்தார்கள். எஃகுத் தட்டின் வில்லில் சிறு உருளை வைத்து உராய்வைக் குறைத்தார்கள். பற்றுவாய் துருப்பிடிக்காமல் இருக்கத் தங்கமும் பிளாட்டினமும் பதித்தார்கள். மழைநீர் வடிய கிண்ணத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டினார்கள். நாக் 1787இல் காப்புரிமை பெற்ற அடிப்பகுதி அமைப்பு, கிண்ணத்துத் தீ மருந்தின் நடுப்பகுதிக்கு விரைந்து சேரும்படி செய்தது. இந்தத் திருத்தங்களில் இன்றைக்கும் பட்டறையில் செய்யத்தக்கவை என்று பார்த்தால் பற்றுவாய் ஒன்றே முதலிடம். துளை ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர், உட்பக்கம் கூம்பாக அகன்று, உள்மருந்து வெளித்தீக்கு மிக நெருக்கமாக வந்து நிற்கும்படி இருக்க வேண்டும். துளை கிண்ணத்தின் மேல்விளிம்பை ஒட்டி அமைய வேண்டும். கிண்ணத்தின் அடியில் இருந்தால் மருந்து துளையை அடைத்துக்கொண்டு திரி போல ஊர்ந்து எரியும். இந்த வேலையைத் தேர்ந்த கைகளிடம் விட்டுவிடுவது நல்லது. தவறாகத் துளைத்த குழலைத் திரும்பச் சரிசெய்வது எளிதல்ல.

மருந்தைத் துளையிலிருந்து தள்ளிப் போட வேண்டும் என்று முன்னோர் சொல்லிக்கொடுத்தார்கள். மின்னணுக் கடிகாரம் வைத்து அளந்தவர்கள் இதற்கு நேர்மாறாகக் கண்டார்கள்: துளையை மூடாமல் அதற்கு நெருக்கமாகக் குவித்தபோதே தீ விரைந்து சேர்ந்தது. பரம்பரை ஞானம் எல்லாம் அளவுகோலில் நிற்பதில்லை. அளவில் கிண்ணம் பாதி நிறைந்தால் போதும். கிண்ணத்துக்கு மிக நுண்ணிய குருணை, குழலுக்குச் சற்றுப் பெரிது. கரிமருந்துக்குப் பதிலாக இப்போது விற்கும் செயற்கை மருந்துகள் தீப்பற்ற அதிக வெப்பம் கேட்பவை. கேப்புத் துப்பாக்கிக்குச் சரி, கல் துப்பாக்கிக்கு உதவாது. இங்கே உண்மையான கரிமருந்தைத் தவிர வேறு வழியில்லை. புகையற்ற நவீன மருந்தைப் போட்டால் குழல் சிதறும், கையும் போகும்.

பாதுகாப்பைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை, ஆனால் இரண்டை விட முடியாது. குண்டு மருந்தின்மேல் அழுந்த உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் வீங்கும், சில நேரம் வெடிக்கும். கெட்டிக்கும் கம்பியில் ஒரு கோடு போட்டு வைத்தால் குண்டு எங்கே நிற்கிறது என்று தெரியும். விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் ஒரு நிமிடமாவது குழலை ஆபத்தில்லாத திசையில் பிடித்தபடி காத்திருக்க வேண்டும்.

இப்போது ஈரம். கரிமருந்து எரிந்த பின் அதில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. கொஞ்சம் புகையாகப் போக, மீதி குழலிலும் கிண்ணத்திலும் படிகிறது. அந்தப் படிவு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பினாங்கில் ஆண்டு மழை ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர். மழை இல்லாத நாளிலும் ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் விடியற்காலைக் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். முதல் சுடுகை முடிந்த சிறிது நேரத்தில் கிண்ணத்துக் கசடு கரிய குழம்பாகிவிடும். அதன்மேல் புது மருந்து போட்டால் அதுவும் நனையும். ஒவ்வொரு சுடுகைக்கும் கிண்ணத்தையும் கல்லையும் எஃகின் முகத்தையும் துணியால் துடைப்பதும், சுடாவிட்டாலும் மணிக்கொரு முறை கிண்ணத்து மருந்தைக் கொட்டிப் புதிதாகப் போடுவதும் இத்தகைய ஊர்களில் கட்டாயம். பழைய வேட்டைக்காரர்கள் எண்ணெய் ஊட்டிய தோலைப் பொறியின்மேல் கட்டினார்கள், கிண்ண விளிம்பில் தேன்மெழுகு பூசினார்கள், காத்திருக்கும் நேரத்தில் துளைக்குள் இறகுத் தண்டைச் செருகினார்கள். எல்லாமே பயன்படும். ஆனால் கான்டன் மழைக்கு இவை எதுவும் ஈடில்லை.

வெப்ப நாடுகளில் கல் துப்பாக்கி நிலைத்ததற்கு வேறு காரணங்கள் இருந்தன. உள்ளூரிலேயே செய்ய முடிந்தது ஒன்று: கண்டி நாட்டுச் சிங்களக் கொல்லர்கள் கட்டையின் இடப்பக்கம் பொறி பொருத்தி அழகிய துப்பாக்கிகள் செய்தார்கள். கேப்பு தீர்ந்தால் துப்பாக்கி வெறும் தடி. கல் தீர்ந்தால் ஆற்றங்கரையில் இன்னொன்று கிடைக்கும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் கேப்பு மலிவாகக் கிடைத்த இடமெல்லாம் மக்கள் கல்லைக் கைவிட்டார்கள். தமிழ்நாட்டில் நரிக்குறவர்கள் கையிலிருந்த நாட்டுத் துப்பாக்கிகள் பெரும்பாலும் கேப்பு வகையே. கரிமருந்தையும் பால்ரஸையும் கெட்டித்துக் கொக்கு, காடை என்று சுட்டு வாழ்ந்த அவர்களுடைய தொழிலை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியது. பழங்குடியினர் பட்டியலில் இடம் கிடைத்தது அரை நூற்றாண்டு கழித்து, 2023 ஜனவரியில்தான். குடகு மக்களுக்கோ துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்தே ஆங்கிலேயர் காலத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. அது 2019இல் மேலும் பத்தாண்டுக்கு, 2029 வரை, நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஒரே வகைக் கருவி, மலைக்கு மேல் மரபு, மலைக்குக் கீழ் வழக்கு.

மலேசியாவில் நிலைமை இன்னும் இறுக்கம். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உயிர்பறிக்கும் வகையில் குழலிலிருந்து குண்டு பாயும் எந்தக் கருவியையும் ஆயுதமாகவே எண்ணுகிறது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டத்தின் கீழ் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும். கரிமருந்து 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள் அடங்கும். அதற்குமேல், காட்டில் எதைச் சுடுவதானாலும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் தரும் வேட்டை உரிமம் வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் பன்றி விரட்ட உரிமம் பெற்றவர் தோளில் இருப்பது தோட்டா போடும் 'செனாப்பாங் பாத்தா'. நடுவில் மடங்கித் திறக்கும் சாதாரண ரவைத் துப்பாக்கி. இந்த மழையிலும் இந்தச் சட்டத்திலும் அதுவே புத்திசாலித்தனம். தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று பரணிலிருந்து கிடைத்தால் அதைத் துடைத்துச் சுட்டுப் பார்க்காமல், கைவைக்கும் முன்பே காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்வதே முறை.

ஆகவே பினாங்குக்காரருக்கு இந்தக் கேள்வி கடல் கடந்தே பொருள்படும். நம் குடும்பங்களில் பெர்த்திலும் கிறைஸ்ட்சர்ச்சிலும் பிள்ளைகள் இல்லாத வீடு குறைவு. நியூசிலாந்தில் உரிமமுள்ளவர் பக்கத்தில் நின்று கண்காணித்தால் உரிமமில்லாத விருந்தாளியும் சுடலாம். மானும் பன்றியும் அங்கே வந்தேறிகள், காட்டை அழிப்பவை என்பதால் வேட்டைக்கு வரவேற்பும் உண்டு. அப்படி ஒரு வாய்ப்பு வந்தால், நடுத்தரக் குழலும் நல்ல பொறியும் கொண்ட ஐம்பத்து நான்கு காலிபர் ரைஃபிளை எடுத்து, ஐந்தாறு கற்களும் துடைக்கத் துணியும் பையில் போட்டுக்கொண்டு, முதலில் காகிதத்தில் குறி பார்த்துவிட்டு, கேன்டர்பரியின் வறண்ட சரிவுகளுக்குப் போகலாம். ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மில்ஃபர்டு பக்கம் கூப்பிட்டால் மட்டும், கேப்புத் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.